அமர்த்துவோரும் நீக்கப்படுவோரும்

கால்பந்தாட்டத்தில் தோற்பவர் பதினொருவர். தோல்வி தொடருமாயின் முதலில் வேலையை இழப்பவரோ அந்தப் பதினொருவருள் ஒருவர் அல்லர். எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று, கையை அசைத்தும் குரல் கொடுத்தும் தொண்டை வறண்டுபோன பயிற்சியாளர். உலகம் முழுவதும் இன்று இதுவே வழக்கம். வழக்கமாகிவிட்டது என்பதனாலேயே ஒன்று முறையாகிவிடுமா? வாயிலுக்கு நேரே வந்த பந்தை வானத்துக்கு அனுப்பியவன் அணியில் இருக்க, அவனுக்குப் பாடம் சொன்னவரை வீட்டுக்கு அனுப்புவது அறமாகுமா? அன்றி, பிறருடைய செயலுக்குப் பொறுப்பேற்கச் சம்மதித்துச் சம்பளம் வாங்கியவர் அதன் விலையையும் கொடுத்தேயாக வேண்டுமா?

தமிழ்ச் சங்க மலரில் சங்க இலக்கியத்தை விட்டுவிட்டுப் பந்தைப் பற்றி எழுதுவானேன் என்று சில அன்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். ஒருவரை வேலைக்கு எடுப்பது, வேலையிலிருந்து எடுப்பது ஆகிய இரண்டுக்கும் நம் பேச்சில் ஒரே வினைச்சொல்தான். அச்சொல்லின் இரு முகங்களையும் தங்கவயல் தமிழ்க் குடும்பங்களைப் போல அருகிலிருந்து பார்த்தவர்கள் அதிகம் இரார். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்த பிறகு, வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் நம் முன்னோர் மேஸ்திரிகளின் பின்னால் வந்து சேர்ந்தனர். 1930-இல் தொழிலாளர் ஒவ்வொருவரும் கைரேகை பதித்துப் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று விதி வந்தபோது, நாங்கள் என்ன குற்றவாளிகளா என்று கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அன்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட எவர்மீதும் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. பாறையில் தங்கத்தின் அளவு குறைந்ததும், மூன்று கிலோமீட்டர் ஆழத்திலிருந்து அதை மேலே கொண்டுவரும் செலவு ஏறியதும், கணக்கேடுகளில் நட்டம் குவிந்ததும் தொழிலாளி செய்த செயல்கள் அல்லவே. எனினும் போனவன் அவன். ஆகவே, 'ஒருவரை நீக்குவது எப்போது நியாயம்?' என்னும் வினாவைப் பிறர் விளையாட்டாகக் கேட்கலாம். நாம் அப்படிக் கேட்க இயலாது.

கைரேகை வேலைநிறுத்தத்தை இங்கே நினைவூட்டியதற்குக் காரணம் உண்டு. அமர்த்தப்படுபவனைப் பற்றிய எல்லாம் ஏட்டில் ஏறுகின்றன: பெயர், ஊர், ரேகை, வந்த நாள், போன நாள். அமர்த்தியவரைப் பற்றி அந்த ஏட்டில் ஒன்றும் இல்லை. யார் இவனைத் தேர்ந்தார், எதை எதிர்பார்த்துத் தேர்ந்தார், எதிர்பார்த்தது நடவாதபோது தம் பங்கு என்ன என்று கருதினார் என்பதற்கெல்லாம் பத்தியே கிடையாது. கால்பந்துப் பயிற்சியாளர்களின் வரலாறும் இவ்வகைப் பேரேடுதான்.

நம்மூர்ப் பள்ளிகளில் இந்தச் சிக்கல் எழுந்ததில்லை. உடற்பயிற்சி ஆசிரியர், நம் வழக்கில் பி.டி. மாஸ்டர், அணி தோற்றதற்காக வேலை இழந்ததில்லை. வென்றதற்காக அவருக்கு யாரும் பொன்னாடை போர்த்தியதும் இல்லை. கணக்கு ஆசிரியர் விடுப்பில் போனால் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆளாகவே பல நிருவாகங்கள் அவரைக் கருதின. பாதுகாப்பு இருந்தது; மதிப்பு இல்லை. வேலை போகாது என்பது மட்டுமே ஓர் அமைப்பை நல்ல அமைப்பாக்கிவிடாது என்பதற்கு அவரும் ஒரு சான்று.

வள்ளுவர் இப்பொருளைப் பொருட்பாலில் எடுத்துக்கொண்ட முறை நோக்கத்தக்கது. தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரம். அடுத்துத் தெரிந்து வினையாடல் என்று ஓர் அதிகாரம். முன்னது ஆளைத் தேர்வது பற்றியது. பின்னது தேர்ந்த ஆளிடம் பணியை ஒப்படைப்பது பற்றியது. ஆராயாமல் ஒருவனை நம்புவதும், ஆராய்ந்து நம்பிய பிறகு அவனை ஐயுறுவதும் தீராத துன்பத்தைத் தரும் என்கிறார். இன்ன வேலையை இன்ன வழியால் இவன் முடிப்பான் என்று கண்டபின் அதை அவனிடமே விட்டுவிடு என்கிறார். விட்டுவிட்டு உறங்கிவிடு என்றும் சொல்லவில்லை. வேலை செய்பவனை ஆள்பவன் நாள்தோறும் கவனித்துவர வேண்டும் என்று அதே அதிகாரத்தை முடிக்கிறார். தேர்வதற்கு அதிகாரம் வைத்தவர், ஒப்படைப்பதற்கு அதிகாரம் வைத்தவர், வினையினின்று நீக்குதல் என்று தனி அதிகாரம் வைக்கவில்லை. 133 அதிகாரங்களைத் தேடினாலும் கிடைக்காது. நீக்கவே கூடாது என்பது அவர் கருத்து என்று நான் வாதாட மாட்டேன். அறத்தின் பாரம் முழுவதையும் தேர்பவர் தலையில் ஏற்றியிருக்கிறார் என்ற அளவில் கொண்டால் போதும்.

இனி நம் நாட்டுக் கதைக்கு வருவோம். சையது அப்துல் ரகீம் ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 'ரகீம் சாகிப்' என்றே ஆட்டக்காரர்கள் அவரை அழைத்தனர். அவர் பயிற்றுவித்த ஐதராபாத் நகரக் காவல்துறை அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1951-இல் தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா ஈரானை ஒரு கோலில் வென்று தங்கம் பெற்றபோதும் பயிற்சியாளர் அவரே. அடுத்த ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக். குளிர் மிகுந்த அந்நாட்டில் நம்மவர் பலர் வெறுங்காலோடு ஆடினர். யூகோஸ்லாவியா பத்துக் கோல் போட்டது. நாம் போட்டது ஒன்று.

பத்துக்கு ஒன்று! இன்றைய நாளில் அந்தச் செய்தி வந்திருந்தால், அணி விமானம் ஏறுமுன்பே பயிற்சியாளரின் பெயர் அறைக் கதவிலிருந்து அழிக்கப்பட்டிருக்கும். ஆனால் ரகீமின் கதை அத்தோல்வியோடு முடிந்துவிடவில்லை. தோல்விக்குப் பின் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு செய்த உருப்படியான செயல், ஆட்டக்காரர்கள் பூட்ஸ் அணிந்தே ஆடவேண்டும் என்று விதித்தது. அதாவது, 'யாரால் தோற்றோம்?' என்று தேடுவதற்கு முன்னே 'எதனால் தோற்றோம்?' என்று ஒருமுறையேனும் கேட்டிருக்கிறார்கள். நான்காண்டு கழித்து மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கு அணியை அழைத்துச் சென்றவரும் ரகீமே. அங்கே ஆஸ்திரேலியாவை நான்குக்கு இரண்டு என்று வென்று இந்தியா அரையிறுதிக்குள் நுழைந்தது. ஆசியாவிலிருந்து அதற்குமுன் எந்த நாடும் அவ்வளவு தூரம் போனதில்லை. அரையிறுதியில் எதிரே நின்றது மறுபடியும் யூகோஸ்லாவியாதான். தோற்றோம், ஆனால் நான்குக்கு ஒன்று.

1962-இல் ஜகார்த்தா. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் இரண்டு கோல்களில் தோல்வி. இந்திய விளையாட்டு அதிகாரி ஒருவர், இசுரேலையும் தைவானையும் போட்டிக்கு வரவிடாததைக் கண்டித்துப் பேசியிருந்ததால் ஊர் மக்கள் நம்மீது சினம் கொண்டிருந்தனர். ரகீமுக்கோ நுரையீரலில் புற்றுநோய். இறுதியாட்டத்தில் மீண்டும் அதே தென்கொரியா. காய்ச்சலால் முந்தைய ஆட்டங்களில் ஆடாதிருந்த கோல்காவலர் பீட்டர் தங்கராஜை அன்று இறக்கினார். தலையில் தையலோடு இருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னெயில் சிங்கை முன்வரிசைக்கு அனுப்பினார். அவர் ஒரு கோலும் போட்டார். செப்டம்பர் 4 அன்று இரண்டுக்கு ஒன்று என்று இந்தியா தங்கம் வென்றது. தங்கராஜும், துளசிதாஸ் பலராமும், அருமைநாயகமும், எத்திராஜும் இருந்த அணி அது. தமிழ்ப் பெயர்களைப் படித்து நாம் சற்றே நெஞ்சு நிமிர்த்திக்கொள்ளலாம், பிழையில்லை. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் ரகீம் மறைந்தார். ஆடவர் கால்பந்தில் அந்தத் தங்கத்துக்குப் பின் இந்தியாவுக்கு மற்றொரு ஆசியத் தங்கம் கிடைக்கவில்லை.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, 'பொறுத்தார் பூமி ஆள்வார். ஆகவே யாரையும் நீக்காதீர்' என்று முடித்துவிடுவது எளிது. நான் அவ்வாறு முடிக்க விரும்பவில்லை. பொறுத்ததால் வென்ற ரகீம் ஒருவரை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. பொறுத்ததால் வீணான பத்துப் பேரை மறந்துவிட்டது. ஒரு மாணவன் கல்லூரி அணியில் ஆடக் கிடைப்பது மூன்று அல்லது நான்கு ஆண்டுகள். ஆட்டக்காரனின் கால்களில் வலு இருப்பது பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள். தகுதியற்ற பயிற்சியாளர்மீது நாம் காட்டும் இரக்கத்துக்கு அந்த இளைஞன் தன் ஆண்டுகளைக் கொடுக்கிறான். அவனிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. பிறர் முதலை எடுத்துத் தருமம் செய்வது தருமம் ஆகாது. நீக்க வேண்டியவரை நீக்காமல் இருப்பதும் ஓர் அநீதியே. அந்த அநீதி ஓசையின்றி நடப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஆக, நீக்கம் என்ற செயல் தன்னளவில் குற்றமன்று. அது எந்த உடையில் வருகிறது என்பதே கேள்வி. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று வேறு மருந்துக்கு மாறுகிறோம்; பழைய மருந்தை யாரும் திட்டுவதில்லை. திருடியவனை வேலையிலிருந்து விலக்குகிறோம். அது தண்டனை, அதற்கு விசாரணை வேண்டும். பயிற்சியாளர் விஷயத்தில் இவ்விரண்டும் கலந்துவிடுகின்றன. நடப்பது மருந்து மாற்றம். எழுப்பப்படும் ஓசையோ தண்டனையின் ஓசை. குற்றம் எதுவும் மெய்ப்பிக்கப்படாமலே ஒருவர் குற்றவாளியைப்போல வெளியேறுகிறார். இதற்குள் மூன்றாவதாக ஒன்றும் புகுந்துகொள்கிறது. பழைய ஊர்களில் நோய் பரவினால் கடா வெட்டிக் கழிப்புக் கழிப்பார்கள். ஊர் சுத்தமாகிவிட்டது என்று நிம்மதியாகப் படுத்துக்கொள்வார்கள். சாக்கடை அடைபட்டபடியே கிடக்கும்.

பெங்களூரு நமக்கு இரண்டு மணி நேரத் தொலைவு. சுரங்கம் மூடியபின் மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலை இரயிலேறி அங்கே வேலைக்குப் போய் இரவில் திரும்புவோர் நம்மில் பலர். அந்நகரின் பெங்களூரு எஃப்.சி. அணிக்குக் கார்லஸ் குவாட்ராட் என்ற ஸ்பானியர் 2018-இல் தலைமைப் பயிற்சியாளரானார். அதற்குமுன் அதே அணியில் துணைப் பயிற்சியாளராக இருந்தவர். ஆகவே ஆராய்ந்து தெளிந்த தேர்வு. 2019 மார்ச்சில் அணி முதன்முறையாக இந்தியன் சூப்பர் லீக் பட்டத்தை வென்றது. 2021 ஜனவரித் தொடக்கத்தில், தொடர்ந்து மூன்றாவது ஆட்டத்திலும் தோற்றது. அதற்குமுன் அந்த லீக்கில் அவ்வணி மூன்று தொடர்தோல்விகளைக் கண்டதில்லை. அம்மாதம் 6-ஆம் நாள் குவாட்ராட் விடைபெற்றார். கொரோனாக் காலம், எல்லா ஆட்டங்களும் கோவாவில், ஆளில்லாத அரங்குகளில் நடந்தன. பூட்டிய விடுதிகளில் அடைபட்டு, வீட்டு முகம் காணாமல் ஆடிய ஒரு பருவத்தின் மூன்று தோல்விகள், இரண்டரை ஆண்டு உழைப்பைவிடக் கனத்துவிட்டன. அவர் நீங்கியதால் நன்மை விளைந்ததா என்றால், அணி அந்தப் பருவத்தில் முதல் நான்கு இடங்களுக்குள் வரவில்லை.

தேசிய அணியின் கதை இன்னும் படிப்பினை தருவது. குரோவேஷியாவின் இகோர் ஸ்டிமாக் 2019-இல் நியமிக்கப்பட்டார். 2023-இல் இந்தியா மூன்று கோப்பைகளை வென்றது. அவற்றுள் ஒன்றான தெற்காசியக் கோப்பையின் இறுதியாட்டம் ஜூலை 4 அன்று பெங்களூரு கண்டீரவா அரங்கில் நடந்தது. குவைத்தை டைபிரேக்கரில் வென்ற அந்த இரவில் அரங்கம் அதிர்ந்ததை நேரில் கண்டவர் நம் குடும்பங்களிலும் உண்டு. அந்த வெற்றியின் சூட்டில், அக்டோபரில் அவருடைய ஒப்பந்தம் 2026 வரை நீட்டிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் கத்தாரில் ஆசியக் கோப்பை: மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. மார்ச்சில் கௌகாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் தோல்வி. ஜூன் 11 அன்று கத்தாரிடம் தோல்வி; எல்லையைத் தாண்டி வெளியே போன பந்தை உள்ளே இழுத்துப் போட்ட கோலை நடுவர் ஒப்புக்கொண்ட ஆட்டம் அது. ஜூன் 17 அன்று ஸ்டிமாக் நீக்கப்பட்டார். வழக்காடலுக்குப் பின் 4 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்துக் கூட்டமைப்பு கணக்கை முடித்தது.

இந்த வரிசையில் என் கண்ணை உறுத்துவது ஜூன் மாதம் அன்று. முந்தைய அக்டோபர் மாதம். எட்டு மாதத்தில் எதிர்காலமற்றவர் ஆகிவிட்ட ஒருவருக்கு, எதைக் கண்டு மேலும் இரண்டரை ஆண்டு கொடுத்தார்கள்? அன்று அவரிடம் கண்ட திறமை பொய்யா, இன்று காணும் குறை பொய்யா? இரண்டும் மெய் என்றால் நடுவே மாறியது என்ன? நீக்கிய நாளில் நாளிதழ்கள் ஸ்டிமாக்கின் வெற்றி தோல்விகளைப் பட்டியல் போட்டன. நீட்டித்தவர்களின் பட்டியலைத் தேடிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. நாட்டில் கால்பந்துக்குத் திடல் எத்தனை, பத்து வயதுப் பையனுக்கு ஆண்டில் எத்தனை ஆட்டம் கிடைக்கிறது என்னும் கேள்விகளும் பயிற்சியாளரோடு விமானம் ஏறிப் போய்விட்டன. அடுத்து வந்த மனோலோ மார்க்கெஸ் கோவா அணியையும் தேசிய அணியையும் ஒரே வேளையில் கவனிக்க நியமிக்கப்பட்டார். ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் வங்கதேசத்தோடு சமன், ஹாங்காங்கிடம் தோல்வி. 2025 ஜூலையில் அவரும் விடைபெற்றார். ஆகஸ்டில் காலித் ஜமீல் வந்தார். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் அந்நாற்காலிக்கு வந்த முதல் இந்தியர். அக்டோபரில் சிங்கப்பூரிடம் கோவாவில் தோற்றபோது ஆசியக் கோப்பை வாய்ப்பு கை நழுவியது. முகம் மாறிற்று, முடிவு மாறவில்லை.

இதனிடையே ஓர் இடைச்செருகல். 2022-இல் தகுதிச் சுற்று ஆட்டங்களுக்கு முன் எந்த ஆட்டக்காரரை இறக்கலாம் என்று சோதிடர் ஒருவரிடம் கேட்கப்பட்டது என ஆங்கில நாளிதழ் ஒன்று 2023-இல் விரிவாக எழுதியது. நாடு சிரித்தது. நான் முழுவதுமாகச் சிரிக்கவில்லை. கம்பத்தில் பட்ட பந்து உள்ளே போவதும் வெளியே போவதும் அரை அங்குலத்தில் இருக்கிறது; அந்த அரை அங்குலத்தை வைத்தே ஒருவருடைய பிழைப்பைத் தீர்மானிப்போம் என்று ஓர் ஏற்பாடு செய்துவிட்டால், அதற்குள் அகப்பட்டவர் கோள்களைப் பார்க்கத்தான் போவார். ஊழின் கையில் இருப்பதை உழைப்பின் கணக்கில் எழுதினால் வேறென்ன நடக்கும்?

நம் பிள்ளைகள் பலர் இன்று அமெரிக்காவில் படிக்கின்றனர். அங்கே கல்லூரிகளில் ஆடப்படும் 'புட்பால்' வேறு ஆட்டம்; நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடுவது. அதன் தலைமைப் பயிற்சியாளர் சம்பளம் பல மாநிலங்களில் ஆளுநர் சம்பளத்தைவிடப் பன்மடங்கு அதிகம். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2017-இல் ஜிம்போ ஃபிஷர் என்பவரைப் பத்தாண்டுக்கு அமர்த்தியது. 2021-இல் ஒப்பந்தத்தை நீட்டித்தது. 2023 நவம்பரில் நீக்கியது. மீதமிருந்த ஒப்பந்தத்துக்காக அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை ஏறத்தாழ 7.6 கோடி டாலர். நீக்கப்பட்டவர் பிழைத்துக்கொள்வார், அவருக்காகக் கண்ணீர் வடிக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு கல்வி நிலையம், ஒரு மனிதர் கற்பிக்காமல் இருப்பதற்காக அவ்வளவு பணம் கொடுக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். சுரங்கம் மூடியபோது நம்மவர் வீட்டுக்குக் கொண்டுவந்த காசோலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஃபிஷரை 2017-இல் தேர்ந்தெடுத்த விளையாட்டு இயக்குநர் ஸ்காட் உட்வர்டு. அவர் பிறகு லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறி, 2021-இல் பிரையன் கெல்லியைப் பத்தாண்டுக்கு அமர்த்தினார். 2025 அக்டோபரில் கெல்லி நீக்கப்பட்டபோது அவருக்குச் சேர வேண்டியது 5 கோடி டாலருக்கு மேல். அம்முறை மாநில ஆளுநரே வெளிப்படையாகப் பேசினார்: அடுத்த பயிற்சியாளரை உட்வர்டு தேர்ந்தெடுக்கப் போவதில்லை என்றார். சில நாளில் உட்வர்டும் பதவியை விட்டு நீங்கினார். தேர்ந்தவரின் கைரேகையும் ஏட்டில் ஏறிய அரிய நிகழ்ச்சி என்று இதைச் சொல்லலாமா? பாதி சொல்லலாம். ஃபிஷர் ஒப்பந்தத்தை நீட்டித்தபோது உட்வர்டு அங்கே இல்லை, நீட்டித்தவர்கள் வேறு. கெல்லியின் ஒப்பந்தத்துக்குத் தலையசைத்த ஆட்சிக்குழுவும் ஒன்று இருந்தது. கடா ஒன்றுக்குப் பதில் இரண்டாயிற்றேயன்றிச் சாக்கடையைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்நாட்டிலேயே இதற்கு நேர்மாறான ஒரு நீக்கமும் நடந்தது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜோ பட்டெர்னோ 46 பருவங்கள் தலைமைப் பயிற்சியாளராக இருந்து 409 வெற்றிகள் கண்டவர்; வளாகத்தில் அவருக்குச் சிலையே இருந்தது. அவரிடம் பல ஆண்டு துணைப் பயிற்சியாளராக இருந்த ஒருவர் சிறுவர்களிடம் பெருங்கொடுமை புரிந்தவர் என்பது 2011-இல் வெளியாயிற்று. பத்தாண்டுக்குமுன் அது பற்றித் தம் காதுக்கு வந்ததை பட்டெர்னோ மேலதிகாரிகளிடம் சொல்லியிருந்தார். அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. 2011 நவம்பர் 9 இரவு, ஆட்சிக்குழு தொலைபேசியில் அவரை நீக்கியது. பல்கலைக்கழகத் தலைவரும் அன்றே பதவி இழந்தார். மாணவர்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தனர். அச்சிறுவர்களுக்காக அல்ல, பயிற்சியாளருக்காக. வெற்றி எவ்வளவு பெரிய திரை என்பதை அந்த இரவு காட்டுகிறது. தோற்றவரை மூன்று ஆட்டத்தில் விலக்கிவிடும் விளையாட்டு உலகம், வென்றவரிடம் பத்தாண்டு எதையும் கேட்காமல் இருந்தது. கோல் எண்ணிக்கையை மட்டுமே அளவுகோலாக்கினால், நீக்கக் கூடாதவரை அவசரமாக நீக்குவோம். நீக்கியே ஆகவேண்டியவரைத் தோளில் தூக்கி ஆடுவோம். இரண்டும் ஒரே நோயின் இரு வெளிப்பாடுகள்.

பயிற்சியாளர் ஆசிரியரா, ஒப்பந்தக்காரரா என்பதை நாம் தீர்மானிக்காமல் வைத்திருப்பதே குழப்பத்தின் வேர் என்று நான் கருதுகிறேன். கணக்கில் வகுப்பு முழுவதும் தேறாவிட்டால் ஆசிரியரை விசாரிக்கலாம். ஆனால் ஆண்டு நடுவில், இரண்டு மாதத் தேர்வுகளைப் பார்த்துவிட்டு அவரை அனுப்புவதில்லை. சேர்க்கையில் யாரை எடுத்தோம், புத்தகம் கொடுத்தோமா, வகுப்பறைக்குக் கூரை இருந்ததா என்றும் பார்ப்போம். ரகீம் ஆசிரியர் வேலையிலிருந்து கால்பந்துக்கு வந்தவர். ஆட்டக்காரர்களும் அவரை ஆசிரியராகவே கண்டனர். இன்றைய ஒப்பந்தங்கள் பயிற்சியாளரை ஆசிரியராகப் பேசி அமர்த்துகின்றன. ஒப்பந்தக்காரராக நடத்தி விலக்குகின்றன.

தங்கவயல் சுரங்கங்களில் பாறைவெடிப்பு என்றால் என்ன என்று நம் பெரியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆழத்தில் இறுகிக் கிடக்கும் பாறை சொல்லாமல் கொள்ளாமல் வெடிக்கும். மேலே வீட்டில் பாத்திரம் உருளும். பெண்கள் வாசலுக்கு வந்து நின்று, கீழே எந்த ஷிப்டில் யார் யார் என்று விரல் விட்டு எண்ணுவார்கள். அதன்பின் விசாரணை. 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் இதில் ஒன்றைத் தெளிவாக்கியது. ஒவ்வொரு சுரங்கத்துக்கும் தகுதிச் சான்று பெற்ற மேலாளர் ஒருவர் இருக்க வேண்டும். ஆனால் மேலாளர் இருக்கிறார் என்பதைக் காட்டி உரிமையாளர் ஒதுங்கிவிட முடியாது. விதிகளைக் கடைப்பிடிக்கத் தேவையான பணத்தையும் பிற வசதிகளையும் அளிப்பது உரிமையாளரின் பொறுப்பும், அவருடைய முகவரின் பொறுப்பும் ஆகும். கருவி தராமல் காரியம் கேட்டவரும் கணக்கில் வருகிறார். சட்டம் எந்நாளும் முறையாக நடைபெற்றது என்று நான் சொல்ல வரவில்லை. நடைபெறாத நாட்களின் கணக்கு நம் இடுகாடுகளில் இருக்கிறது. எனினும் கோட்பாடு சரியான கோட்பாடு.

அதைத் திடலுக்குக் கொண்டுவருவது அவ்வளவு கடினமன்று. ஒரு பயிற்சியாளரை நீக்கும்போது வெளியிடும் அறிக்கையில், அவரை அமர்த்தக் கையெழுத்திட்டவர்களின் பெயர்களும், ஒப்பந்தத்தை நீட்டித்தவர்களின் பெயர்களும், என்ன எதிர்பார்த்து அமர்த்தினோம், அதற்காக என்ன கொடுத்தோம் என்பதும் இருக்கட்டும். அதே குழுவினர் இரண்டாம் முறையும் தவறான ஆளைத் தேர்ந்தால், மூன்றாம் ஆளைத் தேரும் வேலையை வேறு குழுவிடம் கொடுக்கட்டும். குற்றமில்லாத நீக்கமாயின், குற்றமில்லை என்று அதே அறிக்கை ஒரு வரியில் சொல்லட்டும். நம் சங்கங்கள் நடத்தும் சிறு போட்டிகளிலும், பிள்ளைகள் ஆடும் பேட்டை அணிகளிலும் இதைத் தொடங்கலாம். தில்லிக்கும் கத்தாருக்கும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிச் செய்தால் பொறுப்பேற்று எந்தக் குழுவுக்கும் யாரும் வரமாட்டார்கள் என்று ஒரு நண்பர் மறுத்தார். சுரங்கச் சட்டம் வந்த பிறகும் இந்நாட்டில் சுரங்கங்களுக்கு உரிமையாளர் கிடைக்காமற் போகவில்லை என்று அவருக்குச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அடுத்த மாதம் தம் பேட்டைப் பையன்களின் அணிக்கு ஒரு பயிற்சியாளரைத் தேட வேண்டியிருக்கிறது, தேர்வுக் குழுவில் நீங்களும் உட்காருங்கள் என்றார். ஒப்புக்கொண்டிருக்கிறேன்.